நாலும் மூணும்

முப்பத்தோரு வருஷம்
துறைமுகத்தில் டாலி கிளார்க்.
இறங்குகிற மூட்டைக்கு ஒரு கோடு,
அஞ்சாவது கோடு குறுக்கே.
கப்பல்காரன் கணக்கும் என் கணக்கும் உதைத்தால்
என்னுடையதுதான் நின்றது.

இப்போது ஒரு தாள்.
ராயபுரம் லேபில் கொடுத்தது.
நாலுக்குள் இருக்கணுமாம்.
பதினாலு புள்ளி ஆறு.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
புள்ளியை ஒரு இடம் தள்ளிப் பார்த்தேன்:
ஒன்று புள்ளி நாலு ஆறு என்றால்
இந்நேரம் நான்
கல்மண்டபம் டீக்கடையில் இருப்பேன்.

மடித்து, எல்.ஐ.சி. பத்திரத்துக்குள் சொருகினேன்.
தனக்கோட்டி கை வைக்காத இடம்
வீட்டிலேயே அது ஒன்றுதான்.

பிறகு பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள்.
எந்த வழியாக என்று கேட்காதீர்கள்.
சுவரைப் பார்த்துப் படுக்கச் சொன்னார்கள்.
ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி சத்தம்.
எண்ணினேன், பழக்கதோஷம்.
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
பின்னால் நின்ற பையன், டாக்டரோ டெக்னீஷியனோ,
தும்மிவிட்டு
சாரி அங்கிள் என்றான்.

ரெண்டு நாள் மூத்திரம் ரோஸ்மில்க் நிறம்.
ரோஸ்மில்க் எனக்குப் பிடிக்கும்.
பிடித்திருந்தது.

பன்னிரண்டில் ஏழு துண்டில் இருக்கிறது.
“நாலு கூட்டல் மூணு” என்றார் டாக்டரம்மா.
ஏழு என்றேன்.
“மூணு கூட்டல் நாலா இருந்தா
கொஞ்சம் நல்லாருந்திருக்கும்.”
அதுவும் ஏழுதானே மேடம்?
பேனாவை மூடினார்.
“அதுவும் ஏழுதான் சார். இது வேற ஏழு.”

எது முன்னால், எது பின்னால் என்று பாராமல்
கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டவன்
எலும்பு ஸ்கேன் வராந்தாவில்
விரல்களை மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து பெஞ்சு லுங்கிக்காரர்
“ஜோசியம் பாப்பீங்களா?” என்றார்.

அன்று ராத்திரி
நாலாவது தடவை நான் எழுந்தபோது
தனக்கோட்டி விளக்கைப் போட்டாள்.
ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றித் திருப்பினாள்.
பின்பக்கம் பூராவும் பென்சில் கோடு.
அஞ்சாவது குறுக்கே.
“நீ எழுந்திரிக்கிற வாட்டிக்கு ஒண்ணு.
தை மாசம் ராத்திரிக்கு ரெண்டு.
பங்குனியில நாலு, அஞ்சு.
நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

பத்திரத்திலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன்.
எங்கள் கணக்கு உதைக்கவில்லை.

மூணு மாசத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி.
ஆம்பளைத்தனத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கும் என்று
டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.
மழை பெய்து குளிர்ந்த ராத்திரியில்
கழுத்திலிருந்து குப்பென்று ஏறுகிறது சூடு.
பனியன் பிழிந்தால் சொட்டுகிறது.
“எனக்கும் வந்துச்சு இப்படி, நாப்பத்தெட்டு வயசுல.
அடுப்பாண்ட நிக்காதேன்னு சொல்லிட்டு
நீ நைட் ஷிப்டுக்குப் பூட்டே.”
விசிறுவாள் என்று நினைத்தேன்.
விசிறியை என் கையில் கொடுத்துவிட்டு
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து
அவள் கால் வந்து என் கால்மேல் கிடந்தது.

கரண்ட் வைக்க முப்பத்தேழு நாள்.
முக்கால் லிட்டர் தண்ணி குடித்து
அடக்கிக்கொண்டு வரணும்.
இன்றைக்குப் பத்தொன்பதாவது.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
ஷேர் ஆட்டோவில் ஆறு பேர், நடுவே நான்.
டேங்கர் வேகன், கறுப்பாக, அவசரமில்லாமல்.
எண்ணினால் அடக்கலாம்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
பயமும் தண்ணியும்
ஒரே இடத்தில்தான் முட்டுகிறது.
“வரும்போது காசிமேட்டுல இறங்கலாமா?
சங்கரா வந்திருக்காம்” என்கிறாள்.
இரு, எண்ணிக்கிட்டு இருக்கேன்.
“தலையோட வாங்கவா, துண்டு மட்டும் போதுமா?”

கார்டு வேன் போய்விட்டது.
முப்பத்தொன்பதா, நாற்பதா,
விட்டுப்போச்சு.
தலையோடவே வாங்கு என்றேன் அவளிடம்.
சீக்கிரம் போப்பா என்றேன் டிரைவரிடம்.