மீதி

மான்டிவிடியோவில் ஜூலை குளிர்காலம்.
ஜன்னலுக்கு வெளியே
கடல் அகலத்துக்கு ஓர் ஆறு, பழுப்பாக.
உள்ளே நான் எண்களைப் பங்கிடுகிறேன்.
இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றைத் தேடிப் போகும் எண்கள்;
இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் ஆகாது.

விற்பதில்லை.
இதைத் தொலைபேசியில் நாளுக்கு நாலுமுறை சொல்கிறேன்.
"விலை சொல்லுங்கள், செனோரா எச்செவெர்ரி."
தேவையைச் சொல்லுங்கள் என்கிறேன்.
பயன்படுத்தும்வரை உங்கள் பெயரில் இருக்கும்,
சொத்தாகாது.
சிரிக்கிறார்கள்.
வெளியே ஒன்று என்ன விலைக்குப் போகிறதென்று
அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன வருடம் ஒரு நிறுவனம் நாலாயிரம் கேட்டது.
அத்தாட்சிக்கு மூன்று அறைகளின் புகைப்படம்.
மூன்றிலும் அதே அலமாரி,
அதே நீலக் கம்பியில் அதே முடிச்சு.
மூன்றாவதில் மட்டும்
யாரோ ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டிருந்தார்கள்.
அந்த நாற்காலிக்காகக் கொஞ்சம் இரக்கம் வந்தது.
மறுத்துவிட்டேன்.

அன்றைக்கே செவெரோ கத்தாரியின் கடிதமும் வந்தது.
பொலிவிய மேட்டுநிலத்தில் ஒரு கினோவாக் கூட்டுறவு,
இரண்டு பள்ளிக்கூடம், ஓர் ஆஸ்பத்திரி.
"எங்களுக்கு எழுபத்தொன்று போதும்.
அவ்வளவு சிறிதாக நறுக்க முடியாது,
இருநூற்றைம்பத்தாறுதான் குறைந்த பங்கு என்கிறீர்கள்.
அப்படியானால் மீதியை யாரிடம் திருப்புவது?"

பதினேழு வருட வேலையில்
மீதியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள்.

வரிசையைத் திறந்தேன்.
அவருக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர்.
பெயரை மேலே இழுக்க ஒரு விரல் போதும்.
மாத்தே ஆறும்வரை
அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்லவருக்கு வளைகிற வரிசை
நாற்காலிக்காரருக்கும் வளையும்.
எழுதினேன்: நீங்கள் நாற்பத்து மூன்றாவது. காத்திருங்கள்.

காத்திருந்தார். பதினாறு மாதம்.
நொடித்துப்போன ஒரு கம்பெனியின் எண்கள்
எங்களிடம் திரும்பியிருந்தன.
ஆறு மாதம் யாருக்கும் தராமல் தனியே கிடத்தினோம்,
பழைய பெயர் உதிரட்டும் என்று.
அவர் முறை வந்தபோது அவைதான் போயின.

மூன்றாம் நாள் அழைத்தார்.
"ஆஸ்பத்திரிக் கடிதங்களை
லா பாஸ் வாங்க மாட்டேன் என்கிறது.
இதே எண்களிலிருந்து முன்பு யாரோ
லட்சக்கணக்கில் குப்பை அஞ்சல் அனுப்பினார்களாம்."

எண்ணுக்கும் முற்பிறவி இருக்கிறது.
எவனோ செய்த வினை
மலைமேல் ஒரு பிரசவ வார்டின் வாசலில் நிற்கிறது.
பங்கிட்டதில் பிசகில்லை. விதிப்படி என் வேலை முடிந்தது.
தூக்கம் வரவில்லை.

இப்போது கறுப்புப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு
ஒவ்வொருவராக எழுதுகிறேன்:
அவர் போய்விட்டார், இவர் வேறு ஆள்,
தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.
பதினொருவரில் ஏழு பேர் எடுத்தார்கள்.

நேற்று செவெரோவிடமிருந்து இரண்டு வரி.
"நூற்றெண்பத்தைந்து சும்மா கிடக்கிறது.
பக்கத்து ஊர் கேட்கிறது, கொடுக்கலாமா?"

கொடுங்கள்.
யாருக்கு, எத்தனை, எந்தத் தேதியில் என்பதை மட்டும்
பதிவேட்டில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.
கறையையும் சொல்லிக் கொடுங்கள்.

எட்டாவது ஆள் இன்னும் பதில் போடவில்லை.