நாய் சாகுதோ

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
வெள்ளி இரவு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்.
சார்ஜென்ட் அவெனியூவில் மூடிப்போன தளபாடக் கடைக்குக் கீழே
நாற்பத்திரண்டு கதிரை, ஒன்பது பேர்.
படம் போடுகிற ஓரெஸ்ட்
ஜாக்கெட்டைக் கழற்றாமலே விளக்கை அணைக்கிறான்.

இன்றைக்குப் பல்கேரியா.
பல் வைத்தியர் ஒருவர்
தன்னிடம் வந்தவர்களின் பற்களால்
பியானோ ஒன்று செய்கிறார்.
முதல் அரைமணிநேரம் நல்ல படம்.
பிறகு அதை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்.

பகலில் நான் ரத்தம் எடுப்பவள்.
ஒரு ஷிப்டுக்கு அறுபது கை,
அறுபது தரம் "கொஞ்சம் குத்தும்."
ஆகவே என் விமர்சனம் நிறத்தில்தான் தொடங்கும்.
குழாயில் ஏறும்போது அது நாவற்பழம்,
துணியில் காய்ந்தால் தேத்தண்ணிக் கறை.
இவர்கள் ஊற்றுவதோ
கொலை நடந்து மூன்று நாளாகியும்
கலியாண வீட்டுக் குங்குமம்.
மெக்சிக்கோக்காரன் ஒருவன் மட்டும்
எங்கேயோ பன்றி அறுப்பதைப் பார்த்திருக்கிறான்.
நிறம் சரி. கதை கிடையாது.
இரண்டரை நட்சத்திரம்.

பத்திரிகை இலவசம், மாதம் ஒன்று,
தமிழ்க்கடை வாசலில்
முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும்.
இடப்பக்கம் ராசிபலன், வலப்பக்கம் மரண அறிவித்தல்,
நடுவில் நான், குடலும் கையுமாக.
"குடலைக் கொஞ்சம் குறையுங்கோ தங்கச்சி,
பக்கத்துப் பத்தியிலை சனம் அழுதுகொண்டிருக்கு"
என்றார் ஆசிரியர் நவரத்தினராசா.
"உள்ளுறுப்பு" என்று மாற்றினேன்.
படம் உடனே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது.
திரும்பவும் குடல்.

ஏன் இதையெல்லாம் பார்க்கிறாய் என்பார்கள்.
கை ஒன்று துண்டாகி விழும்போது
ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிறோம்.
பெயர்கூடத் தெரியாத ஒன்பது பேர்.
அதற்குப் பிறகு யாரோ சிரித்துவிடுகிறார்,
பெரும்பாலும் நான்.

மாதக் கடைசியில் ஓர் அழைப்பு வரும்.
மயூரநாதன். தோம்சனுக்கு லொறி ஓட்டுகிறவர்,
ஒரு பக்கம் எட்டு மணிநேரம்.
நித்திரை வராத தரிப்பிடங்களில்
கபினுக்குள் போர்வையை மூடிக்கொண்டு
போனில் பேய்ப்படம் பார்க்கிறவர்.
முதல் தரமே கேட்டார்:
"தலை போனாப் போகட்டும் அக்கா.
நாய் சாகுதோ?"

அன்றிலிருந்து என் கடைசி வரி அவருக்கு.
நாய் சாகாது.
அல்லது, இந்தப் படத்தில் நாய் இல்லை.
பின்லாந்துப் படத்துக்கு இப்படி எழுதினேன்:
ஊரே சாகும், நாய் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்.
ஏனென்று நான் கேட்டதில்லை.
ஒருக்கால் அவராகவே தொடங்கினார்,
"நாங்கள் வெளிக்கிடேக்கை, சங்கிலி..."
பின்னால் இன்னொரு லொறி ஹோர்ன் அடித்தது.

இந்த மாதம் உருகுவே. கறுப்பு வெள்ளை.
ஓர் ஆட்டுப்பட்டி, ஒரு கைம்பெண், ஒரு கோடரி.
பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல படம்.
நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே வைக்கவில்லை.
எழுபத்துமூன்றாம் நிமிடம்.
பின்னணி இசை இல்லை, கமரா அசையவில்லை.
அது வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
ஓரெஸ்ட் எழுந்து
படிக்கட்டில் போய் நின்றான்.

ஐந்து நட்சத்திரம் போட்டேன்.
கடைசி வரியை மூன்று தரம் எழுதி
மூன்று தரமும் அழித்தேன்.
"வழக்கமான வரி எங்கை?" என்றார் நவரத்தினராசா.
இடம் போதவில்லை என்றேன்.
போதாத இடத்தில் அவர்
வாடகைக்கு அறை, சைவ உணவுக்காரர் விரும்பத்தக்கது
என்று ஒரு விளம்பரம் போட்டார்.

மாதக் கடைசி.
கொஞ்சநேரம் இயந்திரச் சத்தம் மட்டும்.
"வாசிச்சனான்" என்றார்.
ம் என்றேன்.
"எத்தினையாம் நிமிசம்?"
எழுபத்துமூன்று.
வைப்பரைப் போட்டு நிறுத்தினார், திரும்பப் போட்டார்.
"அப்ப எழுபத்திரண்டு மட்டும் பாக்கிறன்."