பதினோராவது பெயர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை.
டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளம்.
எங்களுக்கு முன்பே
ஏரிக்காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

மேசையில் ஒரே ஒரு தாள்.
இருபத்தேழு பெயர்கள்.
'வீடற்றோர்' என்று தலைப்பிட
நர்ஸ் ஹோடன் விடமாட்டாள்.
பெயர் பெயராக வாசிக்க வேண்டும்,
வகுப்பில் வருகை எடுப்பதுபோல்,
வராதவர்களுக்காக.

பதினோராவது: ரோலண்ட் ட்வெர்பெர்க்.
தாதுக் கப்பலில் இருபது வருடம் சமையல்.
நாற்பத்து மூன்று செவ்வாய்களாக
அதே இடத்தில் இருக்கிறார்.
அறை கேட்டால் அடையாள அட்டை வேண்டும்.
அட்டை கேட்டால் விலாசம் வேண்டும்.
கோழியையும் முட்டையையும்
நாற்பத்து மூன்று வாரம் மேய்த்தோம்.

கடைசியில் ரொட்டிக்கடை மார்சி சொன்னாள்:
"என் கடை விலாசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.
எனக்கு வருகிற கரண்ட் பில்லோடு
அவர் அட்டையும் வரட்டுமே."
அதைச் சொல்ல அவளுக்கு ஐந்து நொடி.
அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட
எங்களுக்குப் பத்து மாதம்.

வீட்டுக்காரர் ஆர்வோ, நாய் கூடாது என்றார்.
பிறகு நாயைப் பார்த்தார்.
நாய் அவரைப் பார்த்தது.
ஒப்பந்தத்தில் அந்த வரியை
அவரே அடித்தார்.

சாவி கிடைத்த அன்று ஆளைக் காணோம்.
மைனஸ் இருபத்தாறு டிகிரி.
பேருந்து ஓட்டுநர் ஒரு தொப்பியைப் பார்த்திருந்தார்.
சலவைக்கடைப் பெண் நாயைப் பார்த்திருந்தாள்.
ரோந்துக் காவலர் குபியாக்
காலடித் தடம் போன திசையைச் சொன்னார்.
யாரிடமும் முழு ஆள் இல்லை.
சேர்த்துப் பார்த்தபோது
மேம்பாலத்துக்கு அடியில் இருந்தார்,
பனி மூடிய லோர்னாவின் கூடாரத்தைத்
தகர மூடியால் தோண்டியபடி.

"சாவி" என்றேன்.
"ஒரு நிமிஷம்" என்றார்,
திரும்பாமல்.
நானும் குனிந்து தோண்டினேன்.

லிஃப்ட் பழுது. மூன்று மாடி.
ஊர் கூடித் தேர் இழுப்பதெல்லாம் பெரிய பேச்சு.
ஐந்து பேர் ஒரு கட்டிலைப்
படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கவைத்து
ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம்.
குபியாக்கின் விரல் நசுங்கியது.
ஆர்வோ சுவரின் பெயிண்ட்டுக்காகக் கவலைப்பட்டார்.
"முதலில் எல்லோரும் கீழே வையுங்கள்!"
புயலில் சோறு வடித்த குரல்.
வைத்தோம். மூச்சு விட்டோம்.
"இப்போது, என் பக்கம்."
கட்டில் நகர்ந்தது.

அன்றிரவு அந்த அறையில்
முதலில் எரிந்தது விளக்கு அல்ல, அடுப்பு.
வெங்காய சூப்.
ஆறு பேர், இரண்டு கிண்ணம்,
முறைவைத்துக் குடித்தோம்.

அடுத்த செவ்வாய்.
பதினோராவது பெயரை ஹோடன் அடித்தாள்.
இருபத்தாறு.
கைதட்டலாமா என்று
ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள்
தொலைபேசி அடித்தது.
பேருந்து நிலையத்தில் ஒரு பையன்,
பத்தொன்பது வயது, ஒரு பை.
இருபத்தேழு.

ஹோடன் பென்சிலைச் சீவினாள்.
கதவு திறந்தது. நாய் முதலில் வந்தது.
ரோலண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு
தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"லோர்னா எத்தனையாவது?"