வாயிலிருந்து விசிலை எடுத்தல்

திருத்தணி–நகரி தடத்தில் கண்டக்டர் நான்.
ஞாயிறு ராத்திரிகளில் கபடி நடுவர்.
ரெண்டுக்கும் ஒரே விசில்.
வண்டியில் ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும்.
களத்தில் ஊதினால்
இருபக்கமும் கத்தத் தொடங்கும்.

போன வருஷம் பொதட்டூர்ப்பேட்டையில்,
தறிகள் ஓய்ந்த ராத்திரி,
புத்தூர் அணியின் கோச் முனிரத்தினம்
கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.
விரலை நீட்டினேன்.
விசிலைப் பல்லில் கடித்தபடியே சொன்னேன்,
"நுவ்வு பயட்டிக்கி போ."
சில்லறைச் சண்டையில் பொறுக்கிய தெலுங்கு.
அதில் நீ உண்டு, நீங்கள் கிடையாது.

விதிப்படி சரி. கோச் உள்ளே வரக்கூடாது.
அவருடைய பன்னிரண்டு பிள்ளைகளும்
அவரைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார்கள்.
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சோறு இறங்கியது,
பொய் சொல்வானேன்.
ரெண்டு மாசம் கழித்து செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏறி
அறுபது பேர் முன்னால்
"ஏய், பையைத் திற" என்றபோதுதான்
அந்தப் பன்னிரண்டு தலைகளும்
ஒவ்வொன்றாய் எனக்குள் குனிந்தன.

இந்த வருஷம் அதே திடல்,
லாரியில் வந்த செம்மண், சுண்ணாம்புக் கோடு.
கடைசிப் பாட்டு. புத்தூர் ஒரு புள்ளி பின்னால்.
தொரபாபு பாடிப் போனான்.
வலது மூலையில் அவன் விரல் நீண்ட நொடியில்
நான் போனஸ் கோட்டில் அவன் காலைப் பார்த்திருந்தேன்.
கை படவில்லை என்றார் கோட்டு நடுவர்.
ஊதினேன். புள்ளி இல்லை.

நீல நாற்காலி கவிழ்ந்தது.
முட்டி தேய்ந்த காலை இழுத்துக்கொண்டு
முனிரத்தினம் கோடுவரை வந்து நின்றார்.
பெருவிரல் சுண்ணாம்பில்.
கேப்டன்தான் பேசலாம் என்கிறது விதிப்புத்தகம்.
அது என் சட்டைப்பையில் இருந்தது. இருக்கட்டும்.

நடந்தேன். ஓடினால் அடிக்க வருவதுபோல் இருக்கும்.
விசிலை வாயிலிருந்து எடுத்து,
எச்சிலைச் சட்டையில் துடைத்து,
கயிற்றை மணிக்கட்டில் சுற்றினேன்.
அதற்கே ஒரு யுகம் ஆயிற்று.
"மீரு செப்பண்டி" என்றேன்.
நகரி ஸ்டாண்டில் பூக்காரியிடம் கேட்டுப் பழகிய சொல்.

சொன்னார். கொஞ்சம் தமிழில், மிச்சம் தெலுங்கில்,
என் அம்மாவை மட்டும் விட்டுவிட்டு.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்,
என் விரலை நான் நம்புவதில்லை.
ஜெனரேட்டர் ரெண்டு தரம் இருமியது.

அப்புறம் சொன்னேன்:
"கால் பாத்தேன், தூக்கல. கை நான் பாக்கல.
அங்க நின்னவர் பாத்தாரு, படலேங்கறாரு.
முடிவு மாறாதுங்க.
எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்."

பாக்கல.
இருபது வருஷத்தில் முதல்முறை இந்தச் சொல்.
கூட்டம் ஓவென்றது.
அவர் சமாதானமாகவில்லை,
சமாதானமாகட்டும் என்று நான் பேசவுமில்லை.
பெருவிரலைப் பின்னுக்கு இழுத்தார், அவ்வளவுதான்.

என் பேனாவில்தான் எழுதினார்,
ஸ்கோர் தாளின் பின்பக்கம், தெலுங்கில்.
பஸ் பலகையளவு தெலுங்குதான் எனக்கு,
நகரிக்கு ந, புத்தூருக்குப் பு.
எழுத்தெழுத்தாய்க் கூட்டி என் பெயரைத் தேடினேன்.
ரெண்டாவது வரியில் இருந்தது,
தணிகாசலம் சரியாகப் பார்க்கவில்லை என்ற இடத்தில்.
பெயரை ஒட்டி இன்னும் இரண்டு எழுத்து:
காரு.

பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மணி பதினொன்று நாற்பது.

மறுநாள் முதல் டிரிப்பில்
ஒரு பையன் செல்போனை நீட்டினான்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.
விரலும் தொடையும் ஒரே மங்கல்.
பட்டிருக்கலாம்.

டிக்கெட் கொடுத்தேன்.
இரண்டு ஊதினேன்.