ஏழாவது இன்னிங்ஸ்

ஆறு இன்னிங்ஸ் வரை எங்களுக்குப் பயமில்லை.
ஆறுக்கு இரண்டு, முன்னால் நிற்பது நாங்கள்.
உல்ம் நகரத்துக் குளிரில்
பலகையில் எண் மாற்றும் பொடியன்
விரல்களை ஊதிக்கொள்கிறான்.

பிறகு பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடக்கிறார்.
அந்த நடை எங்களுக்குத் தெரியும்.
போன ஞாயிறு ஐந்து ஓட்டம்,
அதற்கு முந்தைய ஞாயிறு நாலு,
எல்லாம் அந்த நடைக்குப் பிறகு போனவை.

"சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகேல்லை,
முழுச் சீசனும் கிடக்கு" என்கிறார் குலவீரசிங்கம்,
தன்னையே நம்பாத குரலில்.
பக்கத்தில் உட்டே பென்சிலைக் கடிக்கிறாள்.
ஸ்கோர் தாளில் அடுத்த பெயருக்கு இடம் காலி,
எழுதினால் வந்துவிடுவான் என்பதுபோல.

வேலியோரம் மூன்று பேர் கை சூடேற்றுகிறார்கள்.
ஒருவனுக்குத் தோள்வலி.
ஒருவனுக்கு நாளைக்குக் கணிதப் பரீட்சை.
மற்றவர் எங்கள் பல் வைத்தியர்.

வந்தது பல் வைத்தியர்.

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது
நடுங்காத கை.
முதல் பந்து மண்ணில்.
இரண்டாவது, அடிக்க நின்றவனின் முதுகில்.
மூன்றாவதற்கு முன்
தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ பார்க்கிறார், வெகுநேரம்.

குலவீரசிங்கம் தேத்தண்ணிப் போத்தலை மூடுகிறார்.
உட்டே பெயரை எழுதுகிறாள்,
அழிக்க வசதியாக,
மிக மெல்லிசாக.