இடது ஓர நாற்காலி

ஏஜாக்ஸ் பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
மடக்கு மேசை, ஊசிப் பெட்டி, குளிர்ப்பை.
மார்ச் மாதத்துச் சேறு
எல்லாருடைய காலணியோடும் உள்ளே வந்திருந்தது.

எங்கே போனாலும்
இடது ஓர நாற்காலியைத்தான் எடுத்துக்கொள்வேன்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

என் வேலைக்கு விதி ஒன்றுதான்:
கேட்டதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.
நீ குரல்; ஆள் இல்லை.

நகுலேசன் கையில் பள்ளிக்கூடத்துக் கடிதம்,
நான்காய் மடித்து, வேர்வையில் நைந்து.
இருபத்தெட்டாம் தேதிக்குள் ஊசி விவரம் தராவிட்டால்
மகள் வகுப்புக்கு வர முடியாது.
"வெருட்டுறாங்களோ?" என்றார்.
அதையும் அப்படியே ஆங்கிலமாக்கினேன்.
தாதி மாரிபெல் "இல்லை" என்றாள், சிரிக்காமல்.

பிறகு நோய்களின் பெயர்கள்.
அவள் ஒன்று சொல்ல, நான் தட்டம்மை என்றேன்.
அவர் புருவம் சுருக்கினார்.
மணல்வாரி என்றேன். அதுவும் விளங்கவில்லை.
"ஓ, சின்னமுத்து!"

கொல்லவும் கண்ணைப் பறிக்கவும் தெரிந்த ஒன்றுக்கு
முத்து என்று பெயர் வைத்திருக்கிறோம்.
பயந்தவர்கள்தான்
இப்படிக் கொஞ்சிக் கூப்பிடுவார்கள்.

அடுத்தது பொன்னுக்கு வீங்கி.
"கூகைக்கட்டுத்தானே? அது வந்து போற வருத்தம்.
எனக்கும் வந்தது. பாருங்கோ, என்ன குறை?"
சொன்னேன்,
என் வாயால், என் குரலில், தன்மை ஒருமையில்:
எனக்கும் வந்தது. என்ன குறை?

நலிந்த கிருமி, என்றாள் மாரிபெல்,
உடம்பு அதன் முகத்தைப் பழகிக்கொள்ளும்.
கை நோகும். ஒரு நாள் காயலாம்.

நகுலேசன் அவளைப் பார்க்கவில்லை.
"நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி.
உங்கட பிள்ளையெண்டால்?"

விதிப்படி இதையும் மொழிபெயர்த்தேன்:
அவர் என்னைக் கேட்கிறார்.
மாரிபெல் பேனாவை வைத்தாள்.
"உனக்கு விருப்பமென்றால் சொல்."

பதினோரு வருஷம்
அடுத்தவர் வாக்கியங்களில் 'நான்' என்றவள்
என்னுடையது எங்கே என்று தேடினேன்.

"ஏழு வயதில் எனக்கு வந்தது.
கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி போட்டார்கள்.
பொன் கேட்டுத்தானே வீங்குகிறது,
கொடுத்தால் போய்விடும் என்று.
ஒன்பதாம் நாள் வீக்கம் வற்றியது.
சங்கிலி பெட்டிக்குத் திரும்பியது.
இடது காது திரும்பவில்லை."

அவர் தன்னை அறியாமல்
என் இடப்பக்கம் பார்த்தார்.
அங்கே சுவர்தான் இருந்தது.

பிறகு அதை மாரிபெலுக்கும் சொல்ல வேண்டியிருந்தது.
ஆங்கிலத்தில் அது சின்னதாய் இருந்தது.

சரி என்று அவர் இன்னும் சொல்லவில்லை.
"என்ர பிள்ளைக்கு வந்தால் என்ர பாடு.
பள்ளிக்கூடத்துக்கு என்ன?"

அதுவரை காலாட்டிக்கொண்டிருந்த ஆரபி
ஆங்கிலத்தில் பேசினாள்.
அப்பாவுக்காக நான் அவளானேன்:
"என் மேசையில் தியோ இருக்கிறான்.
வகுப்பில் அவன் மட்டும் தொப்பி போடலாம்.
மருந்து அவன் முடியைத் தின்றுவிட்டது.
இந்த ஊசி அவனுக்குப் போடக் கூடாதாம்.
யாராவது இருமினால்
அவன் வீட்டுக்குப் போய்விடுவான்."

மாரிபெல் குனிந்து எதையோ எழுதினாள்;
அவள் சொல்லக் கூடாத பெயர் அது.
அவள் சொல்லக்கூடிய சொல்லுக்கு
என் அகராதியில் 'மந்தை' என்றிருந்தது.
ஒரு தகப்பனிடம் மந்தை என்று எப்படிச் சொல்வது?

நான் தடுமாற, அவரே சொன்னார்:
"விளங்குது. வேலியில ஒரு கிடுகு விழுந்தால் காணும்,
ஆடு பூந்திடும்."

இப்போது கிடுகுக்கு ஆங்கிலம் இல்லை.
விரல்களைப் பின்னிக் காட்டினேன்.
மாரிபெல் தன் விரல்களையும் பின்னிப் பார்த்தாள்.

வலிக்குமா என்று
ஆரபி இரண்டு மொழியிலும் கேட்டாள்.
இரண்டிலும் ஆமென்றோம்.

நேரத்தாளின் அடியில் ஒரு கட்டம்:
விதிமீறல் ஏதும் உண்டா?
ஆம் என்று எழுதி,
என்ன என்பதை எழுதாமல் விட்டேன்.

வெளியே, பேருந்து நிறுத்தத்தில்,
உப்பு லாரி இடப்பக்கமாய் வந்தது.
என் பாதம்தான் முதலில் கேட்டது.