மூன்று ஐம்பது

இரண்டு மணி ஊசியை
மூன்று ஐம்பதுக்குப் போட்டேன்.

அதுதான் நடந்தது. மற்றதெல்லாம் காரணம்.
பதினொன்றாம் கட்டிலில் அருமனைக்காரிக்கு வலிப்பு.
சிலிண்டர் எடுக்கப் போன டெல்பின்
லிப்டுக்குள் மாட்டிக்கொண்டாள்.
குலசேகரத்தில் கரண்டு போனால்
மலையும் சேர்ந்து போய்விடும்.

ஏழாம் கட்டில் பொன்னுமுத்தன்
கண் திறந்தே கிடந்தார்.
முப்பது வருசம் ரப்பர் வெட்டினவர்.
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
தோட்டத்தில் இறங்குகிற நேரத்துக்கு
கால்விரல் இரண்டை எடுத்த பிறகும்
விழிப்பு வந்துவிடுகிறது.
"மணி நாலாவப் போவுது, இல்லியா சிஸ்டரே?"

சார்ட்டில் 2.00 கட்டம் காலி.
ஒரு கையெழுத்து கொள்ளும்.
கை தானாகவே முதல் எழுத்து வரைக்கும்
போய்விட்டது.

"ரெண்டுன்னே எழுது பிள்ளே,
ஆரு நோக்கப் போறா?"
நைட் இன்சார்ஜ் வின்னரசி. கெட்டவள் இல்லை.
என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது
மூன்று நைட் எனக்காகப் பார்த்தவள்.

கோர்ஸ் முடித்த அன்று
மெழுகுவத்தி பிடித்துச் சொன்ன உறுதிமொழி
ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.
மெழுகு சொட்டிக் கட்டைவிரல் சுட்டது மட்டும் வந்தது.

ஆனால் கணக்கு வந்தது.
நான் இரண்டு என்று எழுதினால்
பகல் டூட்டிக்காரி பத்துக்குப் போடுவாள்.
எட்டு மணி நேர இடைவெளி
அவர் ரத்தத்தில் ஆறாகச் சுருங்கும்.
ஏற்கெனவே முனகுகிற கிட்னி.

பாதிக் கையெழுத்தை ஒற்றைக் கோட்டால் அடித்து
பக்கத்தில் 3.50 என்று எழுதினேன்.
காரணம் எழுத இடம் போதவில்லை.
பெயர் எழுதப் போதுமாயிருந்தது.

பிறகு அவரிடமும் போய்ச் சொன்னேன்.
"அதுக்கென்ன. மழ விட்டு லேட்டா வெட்டுனா
பாலு கொறையும், அவ்வளவுதான்."
சொல்லிவிட்டு
சொட்டுகிற டிரிப்பை ஒரு தடவை
கூடுதலாகப் பார்த்துக்கொண்டார்.
அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

எட்டு மணிக்கு மெமோ கையில் வந்தது.
நாலாக மடித்துச் சோற்றுப்பாத்திரப் பையில் வைத்தேன்.
திருவட்டாறு பஸ்ஸில் நின்றபடியே
இரண்டு நிறுத்தம் தூங்கினேன்.

விளக்கம் மூன்று நாளுக்குள் வேண்டுமாம்.
எழுதலாம்.
முதலில் குளிக்க வேண்டும், படுக்க வேண்டும்,
அதற்கும் முன்னால்
பத்து மணி டோசைப் பன்னிரண்டுக்கு
மாற்றினார்களா என்று
போன் போட்டுக் கேட்க வேண்டும்.